இறங்கத் தெரிந்தவரே ஓட்டத் தெரிந்தவர்

வீடு திரும்பும் நாளில் எலும்பு முறிவுப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, நான் மறுபடியும் எப்போது சைக்கிள் மிதிக்கலாம்?" கேட்பவருக்கு அது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியன்று. விடிவதற்கு முன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர், எண்ணூர், மணலி ஆலைகளுக்கு ஷிப்டு மாறி மாறிச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர், தண்டையார்ப்பேட்டை வீடுகளுக்குப் பாலும் நாளிதழும் கொண்டு சேர்க்கும் இளைஞர், அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவி ஆகியோருக்கு மிதிவண்டியே கால். அது நின்றால் வருமானம் நிற்கும், படிப்பும் தடைப்படும்.

எலும்பு கூடும் காலத்தை மருத்துவர் ஏறத்தாழக் கணித்துச் சொல்லிவிடலாம். எலும்பு கூடியபின் நோயாளி திரும்பிச் செல்வதோ அதே சாலைக்குத்தான். அச்சாலையில் மறுமுறை விழாதிருக்க வழி என்ன என்பதே இவ்விதழின் பாடம். அதன் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். கடினமான இடத்தில் வண்டியைச் சமாளித்து ஓட்டுவது ஒரு திறமை. எந்த இடத்தில் இறங்கிவிட வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருப்பது அதனினும் பெரிய திறமை. இறங்கி நடப்பதை இழுக்கென்று எண்ணுகிறவரே பெரும்பாலும் ஆபத்தான இடத்தில் வண்டியின் மேல் அமர்ந்திருக்கிறார்.

நம் சாலைகளின் இயல்பு

சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டு கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு எண்ணூரில், இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. பின்னர் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. இம்மூன்றுக்கும், மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்கு நிலையங்களுக்கும் இடையே டிரெய்லர் லாரிகள் இரவுபகலாக ஓடுகின்றன. எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைச் சாலை ஆகியவற்றை அகலப்படுத்தும் எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வகுக்கப்பட்டதும் இப்போக்குவரத்திற்காகவே. ஆயினும் துறைமுக வாயிலில் வரிசை நீளும் நாளில், கூடிய அகலத்தையும் நின்றிருக்கும் லாரிகளே எடுத்துக்கொள்கின்றன.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இடர் வேறு வகையானது. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது. சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி ஆகிய இடங்களில் ரயில் மேலே ஓட, கீழே தூண்கள் நிற்கின்றன. தூணின் மறைவிலிருந்து குறுக்கே வருபவரை மிதிவண்டியில் செல்பவர் கடைசி நொடியில்தான் காண்கிறார். இவற்றோடு கடற்காற்று, மணல், தண்டவாளம், ஐப்பசி கார்த்திகை மழை ஆகியவையும் சேரும்போது, இப்பகுதியில் மிதிவண்டி ஓட்டுவது தனியே கற்க வேண்டிய பாடமாகிவிடுகிறது.

டிரெய்லரின் இடப்புறம்

கற்க வேண்டியவற்றுள் தலையாயது இது: டிரெய்லர் லாரியின் இடப்புறம் மிதிவண்டிக்கு உரிய இடம் அன்று.

40 அடிக் கன்டெய்னர் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுடையது. அதை இழுக்கும் முன்வண்டியையும் சேர்த்தால் நீளம் இன்னும் கூடும். இத்தகைய வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கிக் குறுக்கே வருகின்றன. ஆகவே இடப்பக்கம் திரும்ப வேண்டிய ஓட்டுநர் முதலில் வண்டியைச் சற்று வலப்பக்கம் ஒடித்து, பிறகு இடப்பக்கம் வளைக்கிறார். பின்னால் வரும் மிதிவண்டிக்காரருக்கு அது தமக்கு வழிவிட்டதுபோல் தோன்றும். அந்த இடைவெளியில் நுழைந்தால், சில நொடிகளில் டிரெய்லரின் நடுப்பகுதியும் பின்சக்கரங்களும் அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். ஒருபுறம் நடைமேடை, மறுபுறம் சக்கரம், ஒதுங்க இடமிராது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். உயரமான இருக்கையிலிருந்து, இடப்புறத்தில் கதவுக்குக் கீழே ஒட்டி நிற்கும் மிதிவண்டி அவர் கண்ணுக்கு எட்டாது. வண்டி வளையத் தொடங்கியபின் கண்ணாடியில் கன்டெய்னரின் பக்கவாட்டைத் தவிர வேறெதுவும் பெரும்பாலும் தெரிவதில்லை. அவர் எவ்வளவு நல்ல ஓட்டுநராயினும் காணாத ஒருவருக்காக நிறுத்த இயலாது. ஆகவே ஓர் எளிய அளவுகோலை மனத்திற் கொள்ளுங்கள்: ஓட்டுநரின் முகத்தையோ, கண்ணாடியில் அவர் முகத்தையோ உங்களால் காண முடியாவிட்டால், அவராலும் உங்களைக் காண முடியாது. அத்தகைய இடத்தில் ஒரு நொடியும் நில்லாதீர்கள்.

இதன் நடைமுறை மூன்று. முதலாவது, சிக்னலிலோ துறைமுக வாயிலருகிலோ டிரெய்லர் நிற்கக் கண்டால் அதன் பின்னே, நன்கு விலகி நில்லுங்கள், இடப்புறமாக முன்னேறாதீர்கள். இரண்டாவது, உங்களுக்கு முன்னால் செல்லும் டிரெய்லர் வேகம் குறைத்து வலப்பக்கம் ஒடித்தால், அது இடப்பக்கம் திரும்பப்போகிறது என்றே கொள்ளுங்கள். மூன்றாவது, உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட டிரெய்லர் திரும்பத் தொடங்கினால் அதனோடு போட்டியிட்டு மிதியாதீர்கள். பிரேக் பிடித்து, இறங்கி, வண்டியோடு நடைமேடை மேல் ஏறிவிடுங்கள். வண்டி நசுங்கினாலும் கவலையில்லை. நீங்கள் நடைமேடையில் இருந்தால் போதும்.

காசிமேடு ஜீரோ கேட் பக்கம் நின்றிருக்கும் லாரி வரிசையை ஒட்டிச் செல்லும்போதும் கவனம் தேவை. நிற்கும் லாரியின் கதவு திடீரெனத் திறக்கும், கிளீனர் குதித்திறங்குவார், இரு லாரிகளுக்கு இடையிலிருந்து தேநீர்க் குவளையோடு ஒருவர் வெளிப்படுவார். ஒரு கதவின் அகலமேனும் விலகிச் செல்லுங்கள். வலப்புறத்தில் வேகமாக வண்டிகள் செல்வதால் அவ்வளவு விலக இடமில்லையென்றால், அது இறங்கி நடக்க வேண்டிய இடம்.

கடற்காற்றும் மணலும்

எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்பவருக்குக் கடல் வலப்புறம். கடற்காற்று வலுவாக வீசும்போது அவர் தம்மை அறியாமலே உடலை வலப்பக்கம் சாய்த்து ஓட்டுகிறார். அப்போது உயரமான கன்டெய்னர் வண்டி வலப்புறமாக முந்தினால், காற்று சட்டென்று மறைகிறது. சாய்ந்திருந்த உடல் லாரியின் பக்கமே இழுபடுகிறது. லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறைந்து, அவரைச் சாலையோரத்திற்குத் தள்ளுகிறது. தெற்கு நோக்கி வருபவருக்கோ கடல் இடப்புறம் இருப்பதால், காற்று அவரை எப்போதும் வண்டிகளின் பக்கமாகவே தள்ளும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பெரிய வண்டியின் ஒலி பின்னே கேட்டவுடன் வேகத்தைக் குறைத்து, ஹேண்டில் பாரை இரு கைகளாலும் தளராமல் பற்றி, ஓரத்தில் சற்று இடம் விட்டு நேராகச் செல்லலாம். காற்று பலமாக இருக்கும் நாளில் தலைக்கு மேல் குடை பிடித்து ஒரு கையால் ஓட்டுவது கூடவே கூடாது.

அலை வீசியெறியும் மணலும் லாரிகளிலிருந்து சிந்தும் கரித்தூளும் சாலையோரத்தில் படிகின்றன. காய்ந்த மணலில் முன்சக்கரம் திசை தவறும். மணற்பரப்பைக் கண்டால் அதற்கு முன்பே பிரேக் பிடித்து மெதுவாகுங்கள். மணலின் மேல் சென்றபின் பிரேக் பிடிக்கவோ வளைக்கவோ வேண்டாம்.

தண்டவாளம்

1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது இராயபுரம் நிலையத்திலிருந்து. அன்றுதொட்டு இப்பகுதியின் தெருக்களும் தண்டவாளங்களும் பின்னிப் பிணைந்தே இருக்கின்றன. ரயில்வே கேட்டைக் கடக்கும்போது சாய்வாகச் சென்றால், தண்டவாளத்தின் ஓரப்பள்ளத்தில் முன்சக்கரம் சிக்கி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். மழையில் நனைந்த இரும்பு சோப்புக் கட்டிபோல் வழுக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகவே கடக்க வேண்டும். கேட் திறந்தவுடன் இருபுறமும் வண்டிகள் முண்டியடிக்கும் வேளையில் செங்குத்தாகச் செல்ல இடம் கிடைக்காது. அப்போது இறங்கி உருட்டிச் செல்லுங்கள். மூடிய கேட்டின் அடியில் மிதிவண்டியைச் சாய்த்து நுழைப்பது பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் விளைவைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

மழையும் தேங்கிய நீரும்

நம் பகுதியில் பெரும்பாலோர் ஓட்டுவது இரும்பு ரிம் கொண்ட கனத்த மிதிவண்டி. ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை பிடித்தவுடன் வண்டி நிற்காது. சக்கரம் சில சுற்றுகள் சுற்றி, ரிம்மின் மேலுள்ள நீர் துடைக்கப்பட்ட பிறகே பிடிப்பு உண்டாகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் 4 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். மழையில் பாதி வேகத்தில் செல்லுங்கள். வளைவுக்கும் சந்திப்புக்கும் நெடுந்தொலைவுக்கு முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடிக்காமல் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, எண்ணெய் படிந்து வானவில் நிறம் காட்டும் இடம் ஆகிய மூன்றின் மேலும் வளைக்காதீர்கள்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது மிதிவண்டிச் சக்கரத்திற்கும் பொருந்தும். தேங்கிய நீருக்கடியில் திறந்த பாதாளச் சாக்கடையோ, மூடி உடைந்த மழைநீர் வடிகாலோ, அறுந்து கிடக்கும் மின்கம்பியோ இருக்கலாம். தரை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்கிவிடுங்கள். சக்கரத்தின் நடு அச்சு மூழ்கும் அளவுக்கு நீர் நின்றாலும், நீர் ஓடிக்கொண்டிருந்தாலும் நடந்தும் செல்லாதீர்கள், திரும்பிவிடுங்கள். மின்கம்பம், மின்பெட்டி ஆகியவற்றின் அருகே தேங்கிய நீரில் கால் வைக்கவே வேண்டாம்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தை இப்பகுதி மறந்திருக்காது. மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, எர்ணாவூர் வீடுகளின் சுவர்களில் நீர் நின்ற உயரத்திற்குக் கறுப்புக் கோடாகப் படிந்தது. அத்தகைய நீரில் நனைந்த மிதிவண்டியின் ரிம்மையும் பிரேக் கட்டையையும் சோப்பு நீரால் கழுவித் துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். எண்ணெய் படிந்த பிரேக் கட்டை பிடிக்காது, மாற்றிவிடுவது நன்று. சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் நீர் புகுந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் துடைத்துக் கிரீஸ் இடச் செய்யுங்கள்.

வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலைத் தரவல்லது. நோய்க்குறிகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு மாதம் வரையும் ஆகலாம். காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல், கெண்டைக்காலில் கடும் வலி ஆகியவை அதன் அடையாளங்கள். கெண்டைக்கால் வலியை மிதிவண்டி மிதித்த வலி என்றெண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவோர் உண்டு. வெள்ளநீரில் நடந்தபின் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வந்து, நீரில் நடந்ததையும் மறவாமல் சொல்லுங்கள். காலில் காயம் பட்டிருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் கூறுங்கள்.

இருட்டில் காணப்படுதல்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. கறுப்புச் சட்டையோடு விளக்கின்றிச் செல்பவரை ஓட்டுநர் சில நொடிகள் முன்னதாகக் கண்டிருந்தால் விலகியிருப்பார். இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கு அந்தச் சில நொடிகளே உயிர்.

டைனமோ விளக்கு சக்கரம் சுற்றும்வரைதான் எரியும். சந்திப்பில் நிற்கும்போது அணைந்துவிடும். ஆகவே பின்புறத்தில் பேட்டரியால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைத் தனியே பொருத்துங்கள். பின் மட்கார்டிலும் கேரியரிலும் ஒளியைத் திருப்பி வீசும் சிவப்புப் பட்டையும், முன்புறத்தில் வெள்ளைப் பட்டையும், பெடல்களில் மஞ்சள் பட்டையும் ஒட்டுங்கள். ஏறி இறங்கும் பெடலின் மஞ்சள் ஒளி, முன்னே செல்வது மிதிவண்டி என்பதை ஓட்டுநருக்குத் தொலைவிலேயே உணர்த்தும். ஆலை தரும் ஒளிர்பட்டைச் சட்டையை வாயிலில் கழற்றி மடித்து வைக்காமல், வீடு வரை அணிந்து வாருங்கள். மழைக்கோட்டு வாங்கும்போது கறுப்பையும் கருநீலத்தையும் தவிர்த்து மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டி ஓட்டுபவரைத் தலைக்கவசம் அணியக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சாலையின் கடினம் எல்லாத் தலைக்கும் ஒன்றே. மிதிவண்டிக்கென்று செய்த இலேசான கவசம் கிடைக்கிறது. புருவத்திற்கு மேல் இரு விரல் அகலத்தில் அது அமர வேண்டும். நாடாவை மாட்டியபின் தலையை ஆட்டினால் நழுவக் கூடாது. காதில் பாட்டுக் கருவி வேண்டாம். பின்னால் வரும் லாரியை முதலில் அறிவது காதுதான்.

சுமையும் குழந்தையும்

மீன் கூடையோ தண்ணீர்க் குடமோ கேரியரில் ஏறும்போது வண்டியின் நிலை மாறிவிடுகிறது. சுமையைத் தாழ்வாக, இருபுறமும் ஒத்த எடையில், இறுகக் கட்டுங்கள். குடத்தை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டால் திரும்ப வேண்டிய நேரத்தில் வண்டி திரும்பாது. கூடையிலிருந்து சொட்டும் பனிக்கட்டி நீர் பின் ரிம்மை நனைத்து, வெயில் நாளிலும் பிரேக்கைக் கெடுக்கும். கூடைக்கடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று இடுங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, லுங்கி ஆகியவை செயினில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள்.

கேரியரில் அமரும் குழந்தையின் குதிகால் ஆரக்கம்பிகளுக்கிடையே சிக்கும் காயம் எல்லா மருத்துவமனைகளுக்கும் பழக்கமானது. முதலில் சிறு சிராய்ப்புப்போல் தோன்றும் இடத்தில், ஓரிரு நாள் கழித்துத் தோல் கறுத்து உள்காயம் வெளிப்படலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சக்கரத்தின் இருபுறமும் வலைத்தடுப்பு மாட்டி, கால் வைக்கப் படி பொருத்தினால் இக்காயம் நேராது. விழுந்த சிறுவனின் வயிற்றில் ஹேண்டில் பாரின் முனை குத்தியிருந்தால், வெளியே காயமில்லாவிட்டாலும் உள்ளுறுப்பு அடிபட்டிருக்கலாம். வயிற்றுவலி, வாந்தி, முகம் வெளுத்தல் ஆகியவை கண்டால் தாமதியாதீர்கள். ஹேண்டில் முனையில் ரப்பர் உறை கழன்றிருந்தால் இன்றே மாட்டிவிடுங்கள்.

நோயிலிருந்து எழுந்தவர் மீண்டும் ஏறுமுன்

கால் முறிவுக்குப்பின் பலரும் 'மிதிக்க முடிகிறதா?' என்று மட்டும் பார்க்கிறார்கள். திடீரென்று இறங்க நேர்ந்தால் அந்தக் கால் உடல் எடை முழுவதையும் தாங்குமா என்பதே பார்க்க வேண்டியது. மருத்துவர் இசைவு தந்தபின், வீட்டில் ஒருவர் அருகில் நிற்க, அக்காலில் மட்டும் சில நொடிகள் நின்று பாருங்கள். கை முறிவு கண்டவர் பிரேக்கை இறுகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இவை வலியின்றி முடியும்வரை சாலைக்குச் செல்ல வேண்டாம். முதற்சில வாரங்கள் இருக்கையைத் தாழ்த்தி, இரு பாதங்களும் தரையைத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, கண் இருளலாம். அதுவும் இறங்க வேண்டிய நேரமே. ஓரமாக அமர்ந்து 3 தேக்கரண்டிச் சர்க்கரை உண்டு, 15 நிமிடம் பொறுத்து, தெளிந்தபிறகே புறப்படுங்கள்; அதற்கெனச் சர்க்கரைப் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும். பாதத்தில் உணர்வு குன்றியவர்கள் செருப்பின்றி மிதிக்கக் கூடாது. வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். வலிப்பு நோயுள்ளவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், மயக்கம் தரும் மாத்திரை உண்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் ஏற வேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் தலையில் இலேசாக அடிபட்டாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

விழுந்துவிட்டால்

முதலில் 108. கழுத்திலோ முதுகிலோ வலி என்று சொல்பவரை, மேலும் ஆபத்து நேரும் இடமாக இருந்தாலன்றித் தூக்காதீர்கள். இரத்தம் வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். தலையில் அடிபட்டு வீடு திரும்பியவரை இரு நாட்கள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிவரும் தலைவலி, எழுப்பினால் எழாத உறக்கம், பேச்சுக் குளறல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அழைத்து வாருங்கள்.

செலவை அஞ்சிச் சிலர் காயத்தை மறைக்கின்றனர். 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அதன் வரம்பு 1 லட்சம் ரூபாய். வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். மோதிய வண்டி நில்லாமல் சென்றுவிட்டாலும் இழப்பீடு உண்டு: 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் குறிக்கப்பட்டுள்ளன. அடிபட்டவரைக் கொண்டு சேர்ப்பவருக்கும் அச்சம் வேண்டாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது.

குடும்பத்தின் பங்கு

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் அரைநாள் கூலி போய்விடும் என்ற அச்சமே பலரை டிரெய்லரின் இடப்புறம் நுழையத் தூண்டுகிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். பதறாமலிருக்க வேண்டுமானால் நேரம் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தைச் சேமித்துத் தருவது வீட்டாரால் ஆகும் காரியம். இரவே டிபன் கேரியரைக் கழுவி வைப்பது, டயரில் காற்றுப் பார்ப்பது, விளக்கின் பேட்டரியைப் பார்ப்பது ஆகிய சிறு பணிகளைப் பகிர்ந்துகொண்டால், வெளியே செல்பவர் 15 நிமிடம் முன்னதாகப் புறப்படலாம். வழியில் மூன்று இடங்களில் இறங்கி நடப்பதற்கு அந்த 15 நிமிடம் போதும்.

மீண்டும் மிதிவண்டி ஏறுமுன் ஒரு விடுமுறை நாளில், வீட்டிலுள்ள ஒருவரோடு வேலைக்குச் செல்லும் வழி முழுவதையும் நடந்து பாருங்கள். டிரெய்லர் திரும்பும் முனை, தண்டவாளம், நீர் தேங்கும் பள்ளம், தூண் மறைக்கும் சந்திப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவையே உங்கள் இறங்குமிடங்கள். அங்கு வந்ததும் எண்ணிப் பாராமலே கால் தரையைத் தொடட்டும். இறங்கியபின் வண்டியை உங்களுக்கும் போக்குவரத்துக்கும் இடையில் வைத்து உருட்டிச் செல்லுங்கள். பார்ப்பவர் நகைத்தால் நகைக்கட்டும்; மாலையில் வீட்டு வாசலில் மணியோசை கேட்கக் காத்திருப்பவர்கள் நகைக்க மாட்டார்கள்.

குடும்பத்தோடு கலந்து பேச

1. நம் வீட்டிலிருந்து வேலைக்கோ பள்ளிக்கோ செல்லும் வழியில் எத்தனை இறங்குமிடங்கள் உள்ளன? அவை எவை?

2. டிரெய்லர் வலப்பக்கம் ஒடித்து இடப்பக்கம் திரும்புவது ஏன்? அதன் பின்சக்கரங்கள் எவ்வழியே செல்கின்றன? வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

3. நம் மிதிவண்டியின் பின்விளக்கு, நிற்கும்போதும் எரிகிறதா? இன்றிரவே தெருவில் நின்று பாருங்கள்.

4. வீட்டில் மிதிவண்டி ஓட்டுபவர் உண்ணும் மாத்திரைகளில் மயக்கம் தருவதோ, சர்க்கரையைத் தாழ்த்துவதோ, இரத்தம் உறையாமல் தடுப்பதோ உண்டா? அடுத்த முறை வரும்போது மருத்துவரைக் கேளுங்கள்.

5. அவர் 15 நிமிடம் முன்னதாகப் புறப்பட, நம்மில் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய ஒரு சிறு வேலை எது?